சில்லும் ஊகமும்

மழை எப்பொழுது வரும் என்று உழவர் ஊகிப்பர். காற்றின் திசையை நோக்குவர்; தும்பி தாழப் பறத்தலையும், எறும்பு முட்டையைக் கவ்விக்கொண்டு மேட்டில் ஏறுதலையும் நோக்குவர். ஊகம் பலித்தால் விதை முளைக்கும். பொய்த்தால் விதையும் உழைப்பும் வீணாகும். ஆதலின் அவ்வூகம் அவர்க்குப் பொழுதுபோக்கு அன்று.

இக்காலத்தில் வேறொரு கூட்டத்தாரும் இவ்வாறே ஊகித்துக்கொண்டிருக்கின்றனர். திரைப்படத்தைத் தொகுப்போர், கட்டட வரைபடம் வரைவோர், இசையமைப்போர், கணினிக்குரிய மென்பொருள் எழுதுவோர் ஆகியோர் இக்கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர்கள் நோக்குவது வானத்தை அன்று. அடுத்து வரவிருக்கும் மடிக்கணினியில் எத்தகைய சில்லு அமைந்திருக்கும்? அதில் எத்தனை கருக்கள் இருக்கும்? நினைவகம் எவ்வளவு? இவையே அவர்தம் வினாக்கள்.

இவ்வினாக்களில் அவர்க்கு இத்துணை அக்கறை ஏன் என்று கேட்கலாம். தொழிலுக்கென்று செய்யப்படும் மடிக்கணினி விலை மிகுந்தது. ஆப்பிள் நிறுவனம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட 16 அங்குல மேக்புக் புரோவின் தொடக்க விலையே 2,499 டாலர். பழைய கணினிகளில் நினைவகம் போதாதெனின் மூடியைத் திறந்து மேலும் ஒரு துண்டைச் செருகிக்கொள்ளலாம். இக்கணினியில் அது முடியாது. நினைவகம் சில்லுடன் ஒரே பலகைமீது பற்றவைக்கப்பட்டுள்ளது. வாங்கும் நாளில் 16 ஜிகாபைட் என்று தேர்ந்தால், அக்கணினி பழுதாகி ஒழியும் நாள்வரை 16 ஜிகாபைட்டே. இன்று வாங்கினால், அடுத்த திங்களில் அதே விலைக்கு வல்லமை மிக்க சில்லு வந்துவிடக்கூடும். வரட்டும் என்று காத்திருந்தால், கைக்கு வந்த வேலை பிறர் கைக்குப் போய்விடும். இந்த இருதலைக் கொள்ளி நிலையே ஊகத்திற்குத் தாய்.

சில்லு என்பது யாது? நகத்தின் அளவே உள்ள சிலிக்கன் துண்டு அது. மின்னோட்டத்தை விடுவதும் தடுப்பதுமாகிய டிரான்சிஸ்டர்கள் அதில் கோடிக்கணக்கில் பொறிக்கப்பட்டுள்ளன. 1971-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் இருந்தவை ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள். 2020-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் ஆப்பிள் வெளியிட்ட எம்1 என்னும் சில்லில் இருந்தவை 1,600 கோடி. ஐம்பது ஆண்டுக்குள் ஏற்பட்ட வளர்ச்சி இது!

இத்தனை டிரான்சிஸ்டர்களும் ஒரே வேலையைச் செய்வன அல்ல. அவை தொகுதி தொகுதியாகப் பிரிந்து நிற்கின்றன. கணக்கிடும் ஒவ்வொரு தொகுதியையும் ஆங்கிலத்தார் கோர் என்பர். நாம் கரு என்று வழங்குவோம். ஒரு பெரிய வீட்டில் விருந்து நாளன்று எரியும் பேரடுப்பும், நாள்தோறும் பால் காய்ச்சும் சிற்றடுப்பும் இருப்பதுபோல, எம்1 சில்லில் இருவகைக் கருக்கள் உண்டு. நான்கு வேகக் கருக்கள். நான்கு சிக்கனக் கருக்கள். கடிதம் எழுதும்போது சிக்கனக் கருவே போதும். படம் தொகுக்கும்போது வேகக் கருக்கள் விழித்தெழும். இவையன்றித் திரையில் தோன்றும் உருவங்களைத் தீட்டுவதற்கென வரைகலைக் கருக்கள் தனியே உள்ளன. எம்1 சில்லில் அவை எட்டு.

எட்டு என்றோம். ஆயின் விலை குறைந்த மேக்புக் ஏர் கணினியில் இருந்த எம்1 சில்லில் ஏழே வரைகலைக் கருக்கள் இருந்தன. ஏழு என்பது விந்தையான எண் அன்றோ? எட்டுக்கு ஒன்று குறைவானேன்? இவ்வினாவிற்கு விடை காண்போமாயின், சில்லுகள் ஏன் இத்தனை வகையாக விற்கப்படுகின்றன என்பது தானே விளங்கும்.

சில்லுகள் தனித்தனியே செய்யப்படுவதில்லை. 300 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டமான சிலிக்கன் தகட்டின்மீது நூற்றுக்கணக்கில் ஒருசேரப் பொறிக்கப்பட்டுப் பின்னர் வெட்டி எடுக்கப்படுகின்றன. ஆப்பிளின் சில்லுகளைப் பொறித்துத் தருவது தைவான் நாட்டின் டிஎஸ்எம்சி நிறுவனம். அங்குள்ள தொழிற்கூடங்களின் தூய்மை அறுவை மருத்துவக் கூடத்தினும் மிகுந்தது. அவ்வாறிருந்தும், கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள் ஒன்றோ, பொறிப்பில் நேர்ந்த சிறு பிழையோ ஆங்காங்கே தகட்டில் அமைந்துவிடுகிறது. அது விழுந்த இடத்திலுள்ள சில்லு பழுதாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தகட்டில் 20 பழுதுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். அத்தகட்டில் 400 சிறு சில்லுகள் இருப்பின், கெடுவன மிகுதியாகப் போனால் 20. அஃதாவது நூற்றுக்கு ஐந்து. அதே தகட்டில் நான்கு மடங்கு பெரிய சில்லுகளைப் பொறித்தால் 100 சில்லுகளே அடங்கும். பழுதுகள் அதே 20. இப்பொழுது நூற்றுக்கு இருபது கெடும்! சில்லு பெரிதாகப் பெரிதாகத் தேறுவது குறைகிறது. தேறியவற்றின் விலை ஏறுகிறது.

கெட்ட சில்லை எறிந்துவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. எட்டு வரைகலைக் கருக்களுள் ஒன்றில் மட்டும் பழுது இருப்பின், அவ்வொன்றை முடக்கிவிட்டு, ஏழு கருச் சில்லு எனக் குறைந்த விலைக்கு விற்றுவிடலாம். அச்சு வெல்லம் வார்ப்பவர் விளிம்பு உடைந்த வெல்லத்தைத் தனியே பொறுக்கி விலை குறைத்து விற்பதில்லையா? அதுபோன்றதே இது. இனிப்பில் குறைவில்லை, உருவில்தான் குறை. ஏழு கரு எம்1 இவ்வழியில் வந்ததே என்பது பொறியியலார் கருத்து.

இவ்வழக்கம் புதியதும் அன்று. 1991-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் 486எஸ்எக்ஸ் என்னும் சில்லை வெளியிட்டது. முழுமையான 486 சில்லில் தசமக் கணக்கிற்கென இருந்த பகுதியை முடக்கிவிட்டு விற்றதே அது. பின்னர் அக்கணக்குப் பகுதி வேண்டுவோர் 487எஸ்எக்ஸ் என்னும் துணைச் சில்லை வாங்கிச் செருகிக்கொள்ளலாம் என்றனர். அந்தத் துணைச் சில்லோ உண்மையில் முழுமையான 486 சில்லே! அதைச் செருகியவுடன் பழைய சில்லு உறங்கிவிடும். புதியதே எல்லா வேலையையும் செய்யும். பழுதைப் பயன்படுத்துதல் ஒருபுறம் இருக்க, ஒரே சரக்கை இரு விலைக்கு விற்கும் வணிகத் தந்திரமும் இதில் கலந்திருந்தது என்பதை மறைத்தல் கூடாது.

இனி, நிறுவனத்தாரே அடுத்த சில்லின் செய்தியை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் ஊகத்திற்கு இடம் ஏது? ஏன் அவர்கள் வாய் திறப்பதில்லை? இதற்கு ஒரு பழங்கதை கூறப்படுவதுண்டு. அக்கதையின் நாயகர் நம் நாட்டுடன் தொடர்புடையவர்.

ஆதம் ஆசுபோர்ன் என்பவர் 1939-ஆம் ஆண்டு பாங்காக்கில் பிறந்த ஆங்கிலேயர். அவருடைய தந்தை ஆர்தர் ஆசுபோர்ன் இரமண மகரிசியின் அடியவர். ஆதலால் ஆதம் தம் இளமையில் திருவண்ணாமலையில் வாழ்ந்தார். பின்னர் அமெரிக்கா சென்று, 1981-ஆம் ஆண்டு ஆசுபோர்ன்-1 என்னும் கணினியை வெளியிட்டார். கையில் தூக்கிச் செல்லத்தக்கது என்று விற்று வெற்றி கண்ட முதற் கணினிகளுள் அது ஒன்று. எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். தூக்கிச் செல்வோர் தோள்வலிமை உடையவராக இருந்திருத்தல் வேண்டும். திரையின் அளவு 5 அங்குலம். விலை 1,795 டாலர். கணினி நன்கு விலைபோயிற்று. 1983-ஆம் ஆண்டு, இதனினும் சிறந்த எக்சிகியூட்டிவ் என்னும் கணினி வரப்போகிறது என்று அவர் வெளிப்படக் கூறினார். வணிகர் பழைய கணினியை வாங்குவதை நிறுத்திக்கொண்டனர். புதிய கணினியோ உடனே வந்து சேரவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் கடனைத் தீர்க்க வழியின்றி நொடித்தது. போட்டியாளரின் கணினிகளும் நிறுவனத்தின் மேலாண்மைக் குறைகளுமே பெருங்காரணம் என்று வாதிடுவாரும் உளர். எனினும், வருவதை முன்னரே கூறினால் இருப்பது விலைபோகாது என்னும் நிலைக்கு ஆசுபோர்ன் விளைவு என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆதம் ஆசுபோர்ன் பின்னாளில் நம் நாட்டிற்கே திரும்பி, 2003-ஆம் ஆண்டு கொடைக்கானலில் இயற்கை எய்தினார்.

நிறுவனம் வாய் திறந்து பேசினாலும் அது நடந்தேவிடும் என்பதற்கு உறுதி இல்லை. 2003-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபிஎம் நிறுவனம் செய்த ஜி5 என்னும் சில்லு பொருந்திய மேசைக் கணினியை வெளியிட்டார். அதன் வேகம் 2 ஜிகாஹெர்ட்சு. ஓராண்டிற்குள் 3 ஜிகாஹெர்ட்சு வந்துவிடும் என்று மேடையில் நின்று உறுதி கூறினார். அதனைக் கேட்டோர், அடுத்து ஜி5 மடிக்கணினியும் வரும் என்று ஊகித்தனர். திங்கள் பல சென்றன. ஓராண்டு கழிந்தபின் வந்தது 2.5 ஜிகாஹெர்ட்சே, அதுவும் நீர்மம் ஓடும் குழாய்களால் குளிர்விக்கப்பட வேண்டிய நிலையில் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஜி5 மடிக்கணினி வந்துவிடும் என்று சொல்லுவது கணினியாரிடையே நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை வரவே இல்லை. 2005-ஆம் ஆண்டு சூன் திங்களில், சொன்ன சொல்லைக் காக்க இயலவில்லை என்று ஜாப்ஸ் அதே மேடையில் ஒப்புக்கொண்டு, இன்டெல் சில்லுகளுக்கு மாறப் போவதாக அறிவித்தார். 2006-ஆம் ஆண்டு சனவரியில் வந்த முதல் மேக்புக் புரோ இன்டெல் சில்லுடனேயே வந்தது.

ஊகித்தவர் எங்கே தவறினர்? சில்லின் வேகத்தை நோக்கினர், வெப்பத்தை நோக்கவில்லை. சில்லு செலவழிக்கும் மின்திறன் அதன் வேகத்திற்கு ஏற்ப உயர்கிறது. மின்னழுத்தத்தின் இருபடிக்கு ஏற்பவும் உயர்கிறது. மின்னழுத்தத்தை இரு மடங்காக்கினால் செலவு நான்கு மடங்காகும். வேகத்தைக் கூட்டவோ பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. ஆதலின் சிறிது வேகத்திற்குப் பெருஞ்செலவு. செலவான மின்னாற்றல் முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. மேசைக் கணினியில் பெரிய விசிறிகளை வைக்கலாம். குழாயில் நீர்மத்தை ஓடவிடலாம். மடிமீது வைத்து வேலை செய்யும் கணினியில் எதை வைப்பது?

மின்கலத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை வகுத்தது கணினி நிறுவனம் அன்று, வானூர்தித் துறை! 100 வாட்மணி அளவிற்கு மேற்பட்ட லித்தியம் மின்கலத்தைப் பயணி தம்முடன் எடுத்துச் செல்ல வேண்டுமானால் வானூர்தி நிறுவனத்தின் ஒப்புதல் பெறல் வேண்டும். 2019-ஆம் ஆண்டு வந்த 16 அங்குல மேக்புக் புரோவின் மின்கலம் 100 வாட்மணி. எல்லைக் கோட்டைத் தொட்டு நின்றாயிற்று. இனிச் சில்லு வல்லமை பெற வேண்டுமானால், பெரிய மின்கலத்தால் அன்று. குறைந்த மின்சாரத்தில் மிகுந்த வேலை செய்வதாலேயே பெற வேண்டும். அடுத்த சில்லைப் பற்றி ஊகிப்போர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இவ்வெல்லையே.

நினைவகமும் மின்கலத்திற்குக் கட்டுப்பட்டதே. 2016-ஆம் ஆண்டு வந்த 15 அங்குல மேக்புக் புரோவில் 16 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகம் கிடைக்கவில்லை. தொழில் செய்வோர் பலர் குறைகூறினர். மின்சிக்கனமான நினைவகம் 16 ஜிகாபைட் வரையே அக்காலத்து இன்டெல் சில்லுடன் இயங்கும். 32 வேண்டுமாயின் மின்சாரத்தை மிகுதியாக உண்ணும் வேறு நினைவகத்தை வைக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டில் அதனையே வைத்தனர். வைத்தபோது, மின்கலத்தை 76 வாட்மணியிலிருந்து 83.6 வாட்மணிக்கு உயர்த்தவேண்டி வந்தது.

ஊகம் பலித்த கதையையும் கூறுவோம். 2020-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆப்பிள், இன்டெல்லை விட்டுத் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறப் போவதாகவும், மாற்றம் ஏறத்தாழ இரண்டாண்டு நடக்கும் என்றும் அறிவித்தது. முதலில் வந்த எம்1 சிறு கணினிகளுக்கு உரியது. அதில் 16 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகம் இல்லை. அவ்வாறாயின் தொழில் செய்வோர்க்கு உரியது எது? எம்1எக்ஸ் என்று அதற்குப் பெயரும் சூட்டிவிட்டனர் ஊகித்தவர்கள். பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்த கதைதான்! 2021-ஆம் ஆண்டு மே திங்களில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம், எட்டு வேகக் கருக்களும் இரண்டு சிக்கனக் கருக்களும் உள்ள சில்லு வரும் என்றும், வரைகலைக் கருக்கள் 16 அல்லது 32 இருக்கும் என்றும், நினைவகம் 64 ஜிகாபைட் வரை செல்லும் என்றும் எழுதியது.

அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள் உண்மை வெளிப்பட்டது. எம்1எக்ஸ் என்ற பெயர் எங்கும் இல்லை. வந்தவை இரண்டு: எம்1 புரோ, எம்1 மேக்ஸ். பெயர் பொய்த்ததேயன்றி, எண்கள் பொய்க்கவில்லை. எட்டும் இரண்டுமாகப் பத்துக் கருக்கள். வரைகலைக் கருக்கள் எம்1 புரோவில் 16, எம்1 மேக்ஸில் 32. நினைவகம் 64 ஜிகாபைட் வரை. மேற்கூறிய பழுதுக் கணக்கின்படியே, எட்டுக் கருவும் 14 வரைகலைக் கருவும் உள்ள எளிய எம்1 புரோவும், 24 வரைகலைக் கருவுள்ள எளிய எம்1 மேக்ஸும் உடன் வந்தன. டிரான்சிஸ்டர்கள் எம்1 புரோவில் 3,370 கோடி. எம்1 மேக்ஸில் 5,700 கோடி. இரண்டின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பெரியதன் மேற்பகுதியை வெட்டி எடுத்தது போலவே சிறியது தோன்றும்.

இதனால் ஊகித்தவர்க்குத் துணிவு மிகுந்தது. அடுத்த தலைமுறையும் அவர்களை ஏமாற்றவில்லை. 2023-ஆம் ஆண்டு சனவரியில் வந்த எம்2 புரோவில் 12 கருக்கள் வரை இருந்தன. டிரான்சிஸ்டர்கள் 4,000 கோடி. ஒவ்வொரு முறையும் எண்கள் கூடிக்கொண்டே செல்லும், குறையவே குறையா என்று பலரும் கருதினர். 3 நானோமீட்டர் முறையில் செய்யப்படும் எம்3 வரப்போகிறது என்றபோது எதிர்பார்ப்பு உச்சத்தை எட்டியது. (நானோமீட்டர்க் கணக்கு இக்காலத்தில் வணிகப் பெயரேயன்றி, சில்லில் அளந்து காணத்தக்க நீளம் அன்று.)

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் எம்3 புரோ வந்தது. அதன் டிரான்சிஸ்டர்கள் 3,700 கோடி. முன்னதைவிட 300 கோடி குறைவு. கருக்கள் பன்னிரண்டே, ஆயின் எம்2 புரோவில் எட்டு வேகக் கருவும் நான்கு சிக்கனக் கருவும் இருக்க, இதில் ஆறும் ஆறுமாக இருந்தன. வரைகலைக் கருக்கள் 19-இலிருந்து 18 ஆயின. நினைவகமோ 16, 32 என்று வரவில்லை; 18, 36 என்று வந்தது.

இந்தப் பதினெட்டு என்னும் எண்ணைக் கண்டவுடனே கணக்கறிந்தோர் ஒன்றைக் கண்டுகொண்டனர். சில்லுக்கும் நினைவகத்திற்கும் இடையே நுண்ணிய கம்பித் தடங்கள் உள்ளன. ஏரிக்கும் வயலுக்கும் இடையிலுள்ள மடைபோல என்க. எத்தனை கண்கள் மடையில் திறந்திருக்கின்றனவோ அத்தனைக்கேற்ப நீர் பாயும். எம்1 புரோவில் அத்தகைய தடங்கள் 256. தடம் ஒவ்வொன்றும் விநாடிக்கு 640 கோடி பிட்டுகளைக் கடத்தும். இரண்டையும் பெருக்கினால் 1,63,840 கோடி பிட்டு. எட்டுப் பிட்டு ஒரு பைட்டு ஆதலால் எட்டால் வகுக்க, 20,480 கோடி பைட்டு வரும். அஃதாவது ஏறத்தாழ 205 ஜிகாபைட். நிறுவனம் இதனை முழு எண்ணாக 200 என்று கூறிற்று.

16-உம் 32-உம் நான்கால் வகுபடும் எண்கள். 256 தடங்களும் 64 தடங்கள் கொண்ட நான்கு கட்டுகள். 18-ஐ நான்கு கட்டுகளுக்கு முழு எண்ணாகச் சமமாகப் பங்கிட இயலாது. மூன்று கட்டுகளுக்கு வரும். கட்டு ஒன்றுக்கு 6 ஜிகாபைட் எனின் 18. 12 எனின் 36. ஆகவே தடங்கள் 192 ஆகிவிட்டன! 192-ஐ 640 கோடியால் பெருக்கி எட்டால் வகுத்தால் 15,360 கோடி பைட்டு. நிறுவனம் வெளியிட்ட குறிப்பிலும் விநாடிக்கு 150 ஜிகாபைட் என்றே இருந்தது. நினைவகம் இரண்டு ஜிகாபைட் கூடியதைக் கண்டு மகிழ்ந்தவர், மடையின் கண்களில் நான்கில் ஒன்று அடைபட்டதை அறியாராயினர்.

கருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே வேகம் மிகுந்திருந்தமையால் எம்3 புரோ முன்னதற்குப் பின்தங்கிவிடவில்லை. ஆயினும் பெரும் பாய்ச்சலை நோக்கி ஓராண்டு காத்திருந்தவர்க்கு அது ஏமாற்றமே. அப்பாய்ச்சல் எங்கே போயிற்று? எம்3 மேக்ஸுக்குப் போயிற்று. அதில் 16 கருக்கள். 9,200 கோடி டிரான்சிஸ்டர்கள். பெரியதை வெட்டிச் சிறியது செய்த பழைய முறையை விட்டு, இரண்டையும் வெவ்வேறு வரைவாக நிறுவனம் அமைத்துவிட்டது. நடு விலைச் சரக்கை மெலியவைத்து, உயர் விலைச் சரக்கை நோக்கி வாங்குவோரைத் தள்ளியதாக இதனைக் கருதுவோர் பலர். எனக்கும் அக்கருத்து உண்டு. சிறிய சில்லினால் தகட்டில் தேறுவது மிகும் என்னும் பொறியியற் காரணமும் உடன் இருந்திருக்கக் கூடும்.

அடுத்த எம்4 புரோ 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் வந்தபோது, தடங்கள் மீண்டும் 256 ஆயின. நினைவகம் 24 ஜிகாபைட்டிலிருந்து தொடங்கிற்று. அவ்வாண்டு அடிப்படை மேக்புக் புரோவின் நினைவகமும் 8-இலிருந்து 16 ஜிகாபைட்டாக உயர்ந்தது; விலை அதே 1,599 டாலர். தொழிற்கணினி என்று பெயர் வைத்து அந்த விலைக்கு 8 ஜிகாபைட் கொடுத்ததைக் கண்டித்து ஓராண்டாக எழுந்த குரலுக்குப் பின்னரே இது நேர்ந்தது. எம்4 என்னும் அடிப்படைச் சில்லைப் பொறுத்தவரை ஊகத்திற்கு வேலையே இருக்கவில்லை. அச்சில்லு அவ்வாண்டு மே திங்களிலேயே ஐபேட் புரோவில் வந்துவிட்டது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்த்தாயிற்று; பத்துக் கரு என்று ஐபேடில் கண்டது மடிக்கணினியிலும் பத்துக் கருவாகவே வந்தது. உடன்பிறந்த கருவி எதில் புதிய கரு முதலில் தோன்றுகிறது என்று நோக்குவது ஊகிப்போர் கையாளும் நல்ல முறைகளுள் ஒன்று.

நல்ல முறையும் தவறுவதுண்டு. மடிக்கணினிக்கு உரியதன்றாயினும் ஒரு செய்தி இங்குக் கூறத்தக்கது. இரண்டு மேக்ஸ் சில்லுகளை இணைத்து அல்ட்ரா என்னும் பெருஞ்சில்லு செய்வது ஆப்பிளின் வழக்கம். எம்3 மேக்ஸின் படத்தில் இணைப்புக்குரிய விளிம்பு காணப்படவில்லை. ஆதலால் எம்3 அல்ட்ரா வாராது, அடுத்து எம்4 அல்ட்ராவே வரும் என்று பலர் முடிவு கட்டினர். 2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வந்தது எம்3 அல்ட்ரா! படத்தையே சான்றாகக் கொண்டவர் ஏமாந்தனர்.

அவ்வாண்டு அக்டோபர் 15-ஆம் நாள், எம்5 என்னும் அடிப்படைச் சில்லுடன் 14 அங்குல மேக்புக் புரோ வெளிவந்தது. முந்தைய இரு தலைமுறைகளில் அடிப்படைச் சில்லும் புரோவும் மேக்ஸும் மேக்புக் புரோவில் ஒருங்கே வந்தன. இம்முறை எம்5 மட்டும் தனியே வந்தது. மற்றவற்றிற்குக் காத்திருந்தோர் கையில் ஒரே ஓர் எண் கிடைத்தது: விநாடிக்கு 153 ஜிகாபைட். எம்5 சில்லின் தடங்கள் 128. அவ்வாறாயின் தடம் ஒன்று விநாடிக்கு 960 கோடி பிட்டுகளைக் கடத்துகிறது. 128-ஐ 960 கோடியால் பெருக்கினாலும், 192-ஐ 640 கோடியால் பெருக்கினாலும் விடை ஒன்றே என்பதை மாணவர் தாமே பெருக்கிப் பார்க்கலாம். ஈராண்டுக்கு முன் நடு விலைச் சரக்காகிய எம்3 புரோ கடத்திய அளவை, இப்பொழுது அடிப்படைச் சில்லே கடத்திவிட்டது. எம்5 புரோவில் தடங்கள் 256 ஆக இருக்குமாயின் 307 ஜிகாபைட். மீண்டும் 192 ஆகக் குறைக்கப்படுமாயின் 230. இரண்டில் எது என்பதை அன்று எவரும் அறியார். வரவிருக்கும் கணினியின் நினைவகம் நான்கால் வகுபடும் எண்ணாக வருமா, மூன்றால் வகுபடும் எண்ணாக வருமா என்பதையே அவர்கள் அப்பொழுது எதிர்நோக்கியிருந்தனர்.